யாழ்ப்பாணமும் கற்பிப்போர் அறமும்



கற்பிக்கத் தகாத ஆசிரியர் எவர் என்பதைப் புலப்படுத்த, நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நான்கு உவமைகளைக் கூறினார். இட்ட முறையிற் காய்களை வெளிவிடாத கழற்குடம் ஒன்று. வருந்திச் சிறிது சிறிதாகவே பஞ்சை எடுக்கவேண்டிய பருத்திக் குண்டிகை மற்றொன்று. எஞ்சிய இரண்டும் எமது குடாநாட்டார் நன்கறிந்த மரங்கள். மடற்பனை, தானாக விழும் பழத்தைத் தருமேயன்றி, ஏறிப் பறிக்க எவரையும் விடாது. முடத்தெங்கோ, ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, வேலிக்கு அப்பாற் சாய்ந்து அயலார் வளவிற் காயை உதிர்க்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன்னரே, கற்பிப்பவன் எத்தகையனாதல் வேண்டும் என்று பாயிரத்தில் வரையறுத்தது. பரீட்சைக்குப் பயிற்றுதல் தனியொரு தொழிலாக வளர்ந்துள்ள இக்காலத்தில், அவ்வரையறையை யாழ்ப்பாணத்து வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் பயன் தரும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் செமினரி ஒன்றை நிறுவினர். அங்கு ஆசிரியராயிருந்தவர் கறோல் விசுவநாதபிள்ளை. அவரிடம் பயின்றவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த தாமோதரம்பிள்ளை. செமினரி 1855 இல் மூடப்பட்டது. இரண்டாண்டுகளின் பின், சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பி.ஏ. பரீட்சையில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே தோற்றி, இருவருமே தேறினர். முதலிடம் பெற்றவர் மாணவர். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிக் காத்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவரே. ஆசான் மடற்பனையாய் இருந்திருப்பின், மாணவர் அவரோடு ஒரே பரீட்சைக்கு அமரும் நிலையை எய்தியிருப்பாரோ? தம்மை விஞ்சும் அளவுக்கு மாணவனை உயர்த்துதல் ஆசிரியர்க்கு இழுக்கன்று. அதுவே அவர் பெறும் பேறு.

இனி, நல்லூர் ஆறுமுக நாவலரை நோக்குவோம். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்பித்து வந்த அவர், 1848 இல் அப்பதவியைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தமக்கென ஊதியம் கொள்ளாது கற்பித்தார். அத்துடன், தாம் சொல்லிக்கொடுப்பதைத் தம் வகுப்பறைக்குள்ளே அடைத்து வைக்கவும் இல்லை. பாலபாடங்களை எழுதி, அச்சிட்டு, தம்மைக் கண்ணாலும் காணாத பிள்ளைகளின் கைகளிற் சேர்த்தார். நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்தவரும் அவரே; உரையில் எழுதியதைத் தம் ஒழுக்கத்திலும் காட்டினார்.

எல்லா ஆசிரியரும் ஊதியமின்றிக் கற்பித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் கருத்தன்று. உழைப்புக்குக் கூலி பெறுதல் நேர்மையே. கூலி பெறுவோன் யாது செய்யலாகாது என்பதே வினா.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, ஒவ்வொரு புள்ளியும் ஓர் இளைஞனின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதாயிற்று. தனியார் கல்வி நிலையங்கள் பெருகின. போரினாற் பாடசாலைகள் இடம்பெயர்ந்த காலத்தில், படிப்பு அறாமற் காத்த நன்றியும் அவற்றுக்கு உண்டு. எனினும், பொதுப்பணத்திற் சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவர், பகலிற் பாடத்தை அரைகுறையாக விட்டு, மாலையில் அதே பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கி அதனை நிறைவு செய்வாராயின், அவர் முடத்தெங்கு அல்லரோ? நீர் வார்த்தது ஊர். காய் உதிர்ந்தது வேறு வளவு. கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்கு அந்தக் காய் ஒருபோதும் எட்டாது.

பயிற்றுவோரின் அறத்தை இன்று உலகமும் எழுதி வைத்துள்ளது. தொழில்முறைப் பயிற்றுநருக்கெனப் பன்னாட்டுச் சம்மேளனம் ஒன்று 1995 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. பயிற்சியால் விளையும் பயனை மிகைப்படுத்திக் கூறலாகாது, நம்பிச் சொன்னதை வெளியிடலாகாது, தன்னலம் குறுக்கிடுமாயின் அதனை மறைக்கலாகாது என்பன அதன் நெறிகளுட் சில. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: பயில்வோனின் நம்பிக்கையைத் தன் வருவாய்க்கு இரையாக்காதிருத்தல்.

ஆதலின், பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும் பெற்றோர், சென்ற ஆண்டு அவரிடம் எத்தனைபேர் சித்தியெய்தினர் என்று கேட்பதோடு அமையாது, வேறொன்றையும் வினவுதல் நன்று: “ஐயா, எங்கள் பிள்ளை உங்கள் துணையின்றித் தானாகப் படிக்கும் நாள் எப்போது வரும்?” அந்நாளை விரைவிற் கொணர விரும்புகிறவரே நல்லாசிரியர், அதனைத் தள்ளிப்போட விரும்புகிறவர், எத்துணைப் புகழ் பெற்றவராயினும், பவணந்தியார் விலக்கியவருள் ஒருவரே.