ஆயிரம் ரூபாய் ஷேவரும் அதன் பின்னால் இருக்கும் ரத்த சரித்திரமும்

"சார்.. அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். ஷேவ் பண்றப்ப லேசா கீறினாலே ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஆன்லைன்ல ஆயிரம் சொச்சத்துக்கு ஃபாயில் ஷேவர்னு ஒண்ணு போட்டிருக்கான். தினமும் யூஸ் பண்ண அது சரிப்படுமா? வாங்கினா வீட்டுல நாங்க மூணு பேரும் பொதுவா வச்சுக்கலாமா?"

கூமாப்பட்டியில் இருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்.

ஆமாங்க.. 2025ல் ரீல்ஸ் பார்த்துவிட்டு தமிழ்நாடே தேடிப் போன அதே கூமாப்பட்டிதான். வத்திராயிருப்பு பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், பிளவக்கல் அணை இருக்கும் பகுதி.

தம்பி கேட்டது ஒரு கேள்வி மாதிரி தெரியும். ஆனால் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று.. இந்த மெஷின் தோலைக் கீறாமல் இருக்குமா?
இரண்டு.. இதை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாமா?

முதல் கேள்விக்கு பதில் "பெரும்பாலும் ஆமாம்".
இரண்டாவது கேள்விக்கு பதில் "கூடவே கூடாது".

ஏன் அப்படி? சவரக்கத்தியின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் புரியும். வாங்க பார்ப்போம்.

*

கத்தியும் மருத்துவமும் ஒரே கையில் இருந்த காலம் ஒன்று உண்டு.

நம்ம ஊரில் முடிதிருத்தும் சமூகத்தின் பெயர் என்ன தெரியுமா? "மருத்துவர்". தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது.

அது சும்மா வைத்த பெயர் இல்லை. சவரம் செய்த அதே கைதான் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தது, புண்ணுக்கு மருந்து வைத்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கே பிரசவம் பார்த்த "மருத்துவச்சி"கள். எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய தொகுப்பிலும் இது பதிவாகி இருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1540ல் எட்டாம் ஹென்றி காலத்தில் முடிதிருத்துபவர்களையும் அறுவை சிகிச்சை செய்பவர்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்தார்கள். அந்தச் சங்கம் இரண்டாகப் பிரிய 1745 வரை ஆனது.

அங்கே சலூன் வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுற்றும் கம்பம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிவப்பு ரத்தத்தைக் குறிக்கிறது. வெள்ளை பேண்டேஜ் துணியைக் குறிக்கிறது. (அந்த பேண்டேஜ் துணியை நெய்வதற்குப் பேர் போன ஊர் எது? கூமாப்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டிதான்.)

ஆக, சவரமும் ரத்தமும் ஆரம்பத்தில் இருந்தே பக்கத்து வீட்டுக்காரர்கள்.

*

அப்போது ஊருக்கு ஒரு நாவிதர். அடப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். தோல்வாரில் தீட்டிய ஒரே கத்தி. எல்லார் கன்னத்திலும் அதே கத்தி. கீறினால் படிகாரக் கல்லைத் தடவுவார். எரியும், ரத்தம் நிற்கும்.

படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், உண்மைதான். ஆனால் வைரஸைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. ஒருவர் ரத்தத்தில் தடவிய அதே கல் அடுத்தவர் கீறலிலும் தடவப்பட்டது.

இது அந்த மனிதர்களின் குற்றம் இல்லை. கிருமி என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலத்தில் உருவான தொழில்முறை அது.

*

இதில் முதல் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். மழுங்கினால் தூக்கிப் போடும் மெல்லிய பிளேடு. 1903ல் விற்பனைக்கு வந்தது. முதல் வருடம் விற்றது எத்தனை தெரியுமா? வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் 90 ஆயிரம் ரேசர்களைத் தாண்டியது.

முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்றால் தாடி இருக்கக் கூடாது. அதனால் அமெரிக்க அரசே சிப்பாய்களுக்கு ரேசர் வாங்கிக் கொடுத்தது. அதுவரை சலூனுக்குப் போன ஆண்கள் வீட்டிலேயே தனக்குத் தானே ஷேவ் செய்யும் பழக்கத்தோடு ஊர் திரும்பினார்கள்.

இங்கேதான் ஒரு திருப்பம்.

அதே போர்க்காலத்தில் சிப்பாய்கள் சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் கறுத்த புண் வந்தது. பரிசோதித்தால் ஆந்த்ராக்ஸ்! கால்நடைகளுக்கு வரும் அடைப்பான் நோய்.

எங்கிருந்து வந்தது? ஷேவிங் பிரஷ்ஷில் இருந்து.

போரினால் நல்ல பிரஷ் முடி வரத்து நின்று போனது. அதற்கு பதிலாகக் குதிரை முடியைச் சரியாகக் கிருமி நீக்காமல் மலிவு பிரஷ் செய்து விற்றார்கள். அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் சேர்த்து 200க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது.

பிரஷ்ஷில் கிருமி இருந்தால் மட்டும் போதாது, அது உள்ளே போக வழி வேண்டும். பிளேடு போட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் அந்த வழி.

*

"கண்ணுக்குத் தெரியாத கீறலா? எனக்கு ரத்தமே வரலையே சார்" என்பீர்கள்.

1971ல் செரோபியன், ரெனால்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆபரேஷனுக்கு முன் முடி எடுப்பதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ரேசரால் ஷேவ் செய்தவர்களில் 5.6% பேருக்கு ஆபரேஷன் காயத்தில் தொற்று. முடியே எடுக்காதவர்களிலும், க்ரீம் போட்டு எடுத்தவர்களிலும் 0.6% தான்.

இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமும் ஆபரேஷனுக்கு முன் ரேசர் வேண்டாம், அவசியம் என்றால் கிளிப்பர் மட்டும் என்றுதான் சொல்கிறது.

அதாவது பிளேடு ஒவ்வொரு முறையும் தோலில் நுண்ணிய கீறல்கள் போடுகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றும் ஆகாது, தானாக ஆறிவிடும். ஆனால் எல்லோரும் ஆரோக்கியமான ஆள் இல்லையே..

*

பிளேடு தோலை நேரடியாகத் தொடாமல் முடியை வெட்டும் கருவிதான் எலக்ட்ரிக் ஷேவர்.

அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஜேக்கப் ஷிக் 1931ல் தண்ணீர், சோப்பு தேவையில்லாத மின்சார ஷேவரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். விலை 25 டாலர். பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவே தவித்த நேரத்தில் அது பெரிய பணம்.

1939ல் பிலிப்ஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஹோரோவிட்ஸ் வட்டமாகச் சுற்றும் ஷேவரைக் கொண்டு வந்தார். 1950ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிரவுன், எஸ் 50 என்ற ஷேவரை வெளியிட்டார். இன்று நாம் பேசும் ஃபாயில் ஷேவர் குடும்பத்தின் பெரிய தாத்தா அதுதான்.

தத்துவம் ரொம்ப எளிது. சல்லடை மாதிரி ஓட்டை போட்ட மிக மெல்லிய உலோகத் தகடு. அதுதான் ஃபாயில். அதற்கு அடியில் பிளேடுகள் இடமும் வலமுமாக வேகமாக ஆடும். முடி ஓட்டை வழியாக உள்ளே போகும், வெட்டுப்படும். தோல் வெளியிலேயே நின்றுவிடும்.

பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு வேலி. அவ்வளவுதான்.

*

சரி.. மலிவான ஷேவிங் பொருளை எப்படி மதிப்பிடுவது? இதற்கும் நம் நாட்டிலேயே ஒரு சரித்திரப் பாடம் உண்டு.

2002ல் ஜில்லெட் இந்தியாவுக்காக வெக்டர் என்ற ரேசரைக் கொண்டு வந்தது. இந்தியர்களின் அடர்த்தியான தாடி பிளேடில் அடைக்கும் என்று, முடியைத் தள்ளிவிட ஒரு பட்டையும் வைத்தார்கள். யாரிடம் சோதித்தார்கள்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம். எல்லோரும் "சூப்பர்" என்றார்கள்.

இந்தியாவில் எடுபடவில்லை. ஏன்?

அந்த மாணவர்கள் குழாயைத் திறந்து விட்டு ரேசரைக் கழுவினார்கள். இங்கே நம்ம ஆள் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு ஷேவ் செய்கிறார். டம்ளரில் முக்கினால் முடி போகவில்லை, அடைத்துக்கொண்டது.

பிறகு ஆட்களை இங்கேயே அனுப்பி, வீடு வீடாக உட்கார்ந்து பார்த்து, 2010ல் கார்டு என்ற ஒற்றை பிளேடு ரேசரை 15 ரூபாய்க்கு இறக்கினார்கள். அது ஓடியது.

பாடம் என்ன? பொருள் நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. "யாருக்கு? எந்த வீட்டில்?" என்றும் கேட்க வேண்டும். ஆன்லைன் ஸ்டார் ரேட்டிங் இதைச் சொல்லாது.

*

அப்படிக் கேட்டால்..

ஃபாயில் ஷேவர் யாருக்கு உண்மையிலேயே உதவும்?

* வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள்
* தட்டணுக்கள் குறைவாக இருப்பவர்கள், ஹீமோஃபிலியா இருப்பவர்கள்
* காயம் ஆறத் தாமதமாகும் சர்க்கரை நோயாளிகள்
* கை நடுக்கம் உள்ள பெரியவர்கள்
* படுக்கையில் இருக்கும் அப்பா, தாத்தாவுக்கு ஷேவ் செய்துவிடும் பிள்ளைகள்
* ஷேவ் செய்தாலே கழுத்தில் பொரிப்பொரியாக வருபவர்கள்

இந்தப் பட்டியலில் நீங்கள் இல்லையா? உங்களுக்கென்று தனி ரேசர், நல்ல பிளேடு இருக்கிறதா? அப்படியென்றால் கட்டாயம் வாங்க வேண்டிய தேவை இல்லை. கன்னம் வழவழவென்று இருக்க வேண்டும் என்றால் பிளேடு அளவுக்கு இது வராது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை..

1. மாற்று ஃபாயில் தனியாகக் கிடைக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. ஃபாயில் தேயும், கிழியும். கிழிந்த ஃபாயில் பிளேடை விட மோசமாகக் கீறும். மாற்று கிடைக்காத ஷேவர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

2. தலைப்பகுதியைக் கழற்றிக் கழுவ முடியுமா? உள்ளே தங்கும் முடியும் தோல் துகளும் கிருமிக்கு விருந்து.

3. சார்ஜ் போட்டபடியே ஓடுமா? கரண்ட் போனால் எத்தனை நாள் தாங்கும்?

4. கணக்கு. 1,500 ரூபாய் ஷேவர் 2 வருடம் உழைத்தால் ஒரு நாளைக்கு சுமார் 2 ரூபாய். அதோடு மாற்று ஃபாயில் செலவையும் சேர்த்து, இப்போது பிளேடுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கிய பிறகு.. தினமும் அல்லது ஒன்று விட்டு ஒரு நாள் ஷேவ் செய்ய வேண்டும். 4, 5 நாள் தாடியை ஃபாயில் பிடிக்காது, இழுக்கும். முதலில் டிரிம்மர் போட்டுக் குறைக்க வேண்டும். வியர்வையைத் துடைத்து, தோலை இழுத்துப் பிடித்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். தோல் பழக 2, 3 வாரம் ஆகலாம். பரு, கட்டி, மரு மேல் ஓட்டவே கூடாது.

*

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. "வீட்ல மூணு பேரும் பொதுவா வச்சுக்கலாமா?"

1986ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி தொற்றுகள் கண்டறியப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமன், அவரது மாணவி நிர்மலா இருவரும் கண்டுபிடித்தார்கள். 1994ல் தமிழ்நாடு அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது.

அதன் பிறகு வந்த விழிப்புணர்வில்தான் நம்ம சலூன்களில் பழைய கத்தி போய், ஆளுக்கு ஒரு புது பிளேடை மாட்டும் கத்தி பரவலானது. "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று கேட்க நாம் கற்றுக்கொண்டதும் அப்போதுதான்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால்.. ஹெச்.ஐ.வி உடலுக்கு வெளியே சீக்கிரம் செயலிழக்கும் கிருமி. சவரத்தால் அது பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நாம் எய்ட்ஸுக்குப் பயந்து பிளேடை மாற்றினோம். அது நம்மை அதிகமாகக் காப்பாற்றியது வேறு ஒரு கிருமியிடம் இருந்து.

ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் வைரஸ். காய்ந்த ரத்தத்தில் கூட குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். இந்தியாவில் சுமார் 3 கோடி பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது.

சலூனில் புது பிளேடு கேட்கும் நாம், வீட்டில் அப்பா, அண்ணன், தம்பி மூவருக்கும் ஒரே ஷேவர் வைத்தால்? அந்தப் பழைய அடப்பத்துக் கத்தியை டைப் சி சார்ஜரோடு திரும்ப வீட்டுக்குள் கொண்டு வருகிறோம் என்று அர்த்தம்.

ஃபாயில் வேலி கீறலைக் குறைக்கும். முழுசாகத் தடுக்காது. உள்ளே ஆடும் பிளேடில் ஒருவரின் ரத்தம் ஒட்டினால் டெட்டால் தண்ணீரில் முக்கியோ சானிட்டைசர் தெளித்தோ அதை நம்பி அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. ஹாஸ்டல் ரூமுக்கும் இதே விதிதான்.

அதனால் தம்பி.. அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்க. தாராளமா. அதில் அவர் பெயரை எழுதி வையுங்க. அது அவருக்கு மட்டும். ஆனால் ஷேவர் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது. ஐ.என்.ஆர் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதியில் செய்துவிட வேண்டும். கீறி, 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். நாடு முழுக்க குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி சேர்ந்தது 2011ல்தான். அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போட்டிருக்க மாட்டோம். பெரியவர்களும் போடலாம். 3 தவணை. இன்று, 1 மாதம் கழித்து, 6 மாதம் கழித்து. போடும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தினமும் பத்து முகத்தைத் தொடும் சலூன் அண்ணன்களுக்கு இது ரொம்பவே முக்கியம். அடுத்த முறை முடிவெட்டப் போகும்போது அவரிடம் "தடுப்பூசி போட்டாச்சாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஷேவர் ஆளுக்கு ஒன்று.
தடுப்பூசி எல்லாருக்கும்.