பூட்டு இறங்கிய இடம்: கட்டற்ற இயங்குதளமும் புதிய கணினியும்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காசு கொடுக்க வேண்டாம் என்பது ஒன்று. கட்டுப்பாடு இல்லை என்பது மற்றொன்று. நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இன்று இந்த அரங்கில் நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் கட்டற்ற மென்பொருள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதைக் காசுக்கும் விற்கலாம். ஆனால் வாங்கியவர் அதை விரும்பியபடி இயக்கலாம், அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

அப்படிப்பட்ட மென்பொருளை மட்டுமே கொண்டு இன்றைய புதிய கணினி ஒன்றை இயக்க முடியுமா? கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்குப் பதில் சொல்ல நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. கதை ஓர் அச்சு இயந்திரத்தில் தொடங்குகிறது.

காகிதம் சிக்கிய கதை

1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் நிரலாளராக வேலை செய்து வந்தார். அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஓர் அச்சு இயந்திரம் இருந்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். தன் இடத்திலிருந்து அச்சிடக் கொடுத்தவர் வெகு நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வந்திருக்காது. ஸ்டால்மன் அந்த இயந்திரத்தின் நிரலில் சிறு திருத்தம் செய்தார். காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவார்.

பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் அச்சு இயந்திரம் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. வேகமானது, அழகாகவும் அச்சிடும். ஆனால் காகிதம் சிக்கும் வியாதி அதற்கும் இருந்தது. பழைய திருத்தத்தை இதிலும் செய்யலாம் என்று பார்த்தால் மூல நிரலைத் தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஸ்டால்மன் அங்கே போனபோது நேரில் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

1983 செப்டம்பர் 27ஆம் தேதி ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். முழுக்க முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை எழுதுவதே நோக்கம். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிறந்தது. 1989இல் ஜி.பி.எல். என்ற உரிமம் வந்தது. இந்த உரிமத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. நிரலை எடுத்துத் திருத்தி வெளியிடுபவர், தனக்குக் கிடைத்த அதே உரிமைகளை அடுத்தவருக்கும் கொடுத்தாக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குனுவில் எல்லாம் சேர்ந்தது, நடுவில் இருக்க வேண்டிய கருவைத் தவிர. அந்த இடத்தை நிரப்பியவர் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்காக எழுதிய ‘மினிக்ஸ்’ என்ற இயங்குதளத்தில் பழகியவர் அவர். 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டு, 1992இல் அதை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். வேலை முடிந்தது, சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று பலர் அன்று நினைத்தார்கள்.

எண் மூட்டைகள்

கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் இன்று தனக்கென ஒரு குட்டிக் கணினியை வைத்திருக்கிறது. வை-ஃபை அட்டை, ஒலி, திரை வரைவு எல்லாவற்றிலும் ஒரு சில்லு உண்டு. அந்தச் சில்லில் ஓடுவதற்கென்று ஒரு நிரலும் உண்டு. அதை ‘ஃபெர்ம்வேர்’ என்பார்கள். முன்பெல்லாம் அதைச் சில்லிலேயே பதித்துக் கொடுத்தார்கள். பிறகு செலவைக் குறைக்கவும், பின்னால் பிழை திருத்த வசதியாகவும், கணினி எழும் ஒவ்வொரு முறையும் இயங்குதளமே அதைச் சில்லுக்குள் ஏற்ற வேண்டும் என்று ஆக்கினார்கள். அப்படி ஏற்றப்படும் நிரலின் மூலம் யார் கையிலும் இல்லை. தயாரிப்பாளர் கொடுப்பது வெறும் எண்களின் மூட்டை.

1990களின் நடுப்பகுதியிலிருந்து அத்தகைய மூட்டைகள் லினக்ஸ் கருவுக்குள்ளேயே வந்து சேர்ந்தன. மேலே கட்டற்ற மென்பொருள் என்ற பெயர்ப்பலகை, உள்ளே பூட்டிய பெட்டிகள். இதைப் பொறுக்காதவர்கள் தனித்தனியே கிளம்பினார்கள். அர்ஜென்டினாவின் சால்டா பல்கலைக்கழகத்தில் 2000இல் ‘உடூடோ’ உருவானது. ஸ்பெயினின் கலீசியா பகுதியில், வீகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் ‘டிரிஸ்குவெல்’ தொடங்கியது. 2006இல் ‘ஜி-நியூசென்ஸ்’ வந்தது. 2008இல் லத்தீன் அமெரிக்க அறக்கட்டளைக்காரர்கள் ‘லினக்ஸ்-லிப்ரே’ என்ற பெயரில், ஒவ்வொரு புதிய லினக்ஸ் பதிப்பிலிருந்தும் மூட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு வெளியிடும் வேலையை ஏற்றார்கள். பிரேசிலின் அலெக்சாண்டர் ஒலிவா அதில் முக்கியமானவர். பெரிய அமைப்பான டெபியனும் 2011இல் தன் ஆறாம் பதிப்பில் அந்த மூட்டைகளைக் கருவிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு, சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளையின் கணக்குப்படி, சில்லிலேயே மாற்ற முடியாதபடி பதிந்த நிரல் வன்பொருளுக்குச் சமம். அதைக் குற்றம் சொல்வதில்லை. அதே நிரல் வட்டிலிருந்து ஏற்றப்பட்டால் கூடாது. ஆக, ஒருபோதும் திருத்த முடியாத பூட்டு பரவாயில்லை, திருத்தத்தக்க பூட்டு கூடாது என்றாகிறது. 2018 ஜனவரியில் ‘ஸ்பெக்டர்’, ‘மெல்ட்டவுன்’ என்ற செயலிக் குறைகள் வெளியானபோது இந்தச் சங்கடம் கண்ணெதிரே வந்தது. ஸ்பெக்டரின் ஒரு வகையை அடைக்கச் செயலிக்குள் புதிய நுண்நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. அது எண் மூட்டை என்பதால் முழுக் கட்டற்ற இயங்குதளங்கள் அதைத் தருவதில்லை. பழைய, குறையுள்ள நுண்நிரலும் அதே அளவு பூட்டியதுதான், ஆனால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

செயலிக்குள் இன்னொரு கணினி

உண்மையான திருப்பம் இதற்கும் கீழே நடந்தது. 2006 வாக்கிலிருந்து இன்டெல் தன் கணினிகளில் ‘மேலாண்மை இயந்திரம்’ என்ற தனிக் கணினி ஒன்றைச் சேர்த்து வருகிறது. நீங்கள் எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் அது தன் போக்கில் ஓடும். கணினியை அணைத்தாலும், மின்கம்பி செருகியிருந்தால் அது விழித்திருக்கக்கூடும். பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளை ஓரிடத்திலிருந்து பராமரிக்க உதவும் வசதி இதன் மேல்தான் கட்டப்பட்டது. ஏஎம்டியும் 2013இலிருந்து இதுபோன்ற ஒன்றை வைக்கிறது.

2008இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200 மடிக்கணினி வரை அந்த நிரலை முழுவதுமாக அகற்றிவிட முடிந்தது. அதற்கடுத்த தலைமுறைச் செயலிகளில், அந்த நிரல் சரியாக இல்லையென்று கண்டால் கணினி அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத வேறு நிரலை அது ஏற்கவும் செய்யாது. முழுச் சுதந்திரம் வேண்டுவோர் இன்றும் எக்ஸ்60, எக்ஸ்200 போன்ற பழைய இயந்திரங்களைத் தேடி வாங்குவதற்குக் காரணம் இதுவே. பழைய பொருள் மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2017இல் மூன்று செய்திகள் வரிசையாக வந்தன. மே மாதம், அந்த மேலாண்மை வசதியில் கடவுச்சொல் சோதனையே பிழையாக இருந்ததை இன்டெல் ஒப்புக்கொண்டது. வெற்று விடையை அனுப்பினாலே உள்ளே நுழைய முடிந்தது. பல ஆண்டுகளாக விற்ற கணினிகளில் இந்தக் குறை இருந்தது. ஆகஸ்டில் ஆய்வாளர்கள், அந்த இயந்திரத்தை முடக்கும் மறைவான விசை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசின் உயர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் தேவைக்காக வைத்தது அது. அரசாங்கம் வேண்டுமென்றால் அணைக்க விசை உண்டு. கடையில் வாங்கியவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது! மூன்றாவது செய்தி, அந்த இயந்திரத்தின் புதிய பதிப்புகளில் ஓடுவது மினிக்ஸ் என்பது.

ஆம், டோர்வால்ட்ஸ் பழகிய அதே மினிக்ஸ். தம் மாணவர்கள் திறந்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காக டானன்பாம் எழுதியது, திறக்கவே முடியாத ஓர் இடத்தில் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கே அது செய்தியாகத்தான் தெரிய வந்தது; இன்டெலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சட்டப்படி இன்டெல் மேல் தவறில்லை. மினிக்ஸின் உரிமம் ஜி.பி.எல். போன்றது அல்ல, எடுத்தவர் பூட்டிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. உரிமப் பத்திரத்தில் உள்ள சில வரிகளால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டவருக்கு இது தூரத்துக் கதை அல்ல. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் அமைத்தது. சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, உலகுக்கு அனுப்புவதில் நம் மக்களின் கை அரை நூற்றாண்டாக இருக்கிறது. உள்ளே ஓடும் நிரலைப் படிக்கும் உரிமை மட்டும் பொருத்துபவருக்கும் இல்லை, வாங்குபவருக்கும் இல்லை.

திரை வரைவு அட்டைகளிலும் இதே கதை. என்விடியா 2014இலிருந்து தன் புதிய அட்டைகளுக்குக் கையொப்பமிட்ட ஃபெர்ம்வேரைக் கட்டாயமாக்கியது. தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற இயக்கி அவற்றின் முழு வேகத்தை எட்ட முடியாமல் தவித்தது.

மாற்று வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘ராப்டர்’ என்ற சிறு அமெரிக்க நிறுவனம் ஐபிஎம்மின் பவர் செயலியைக் கொண்டு, பூட்டில்லாத கணினி ஒன்றைச் செய்ய முனைந்தது. பொதுமக்களிடம் 37 இலட்சம் டாலர் திரட்டும் முதல் முயற்சி தோற்றது. விடாமல் 2017இல் ‘டாலோஸ் 2’ என்ற அடுத்த கணினியை அறிவித்தது. 2019இல் அதற்கு அறக்கட்டளையின் சான்றிதழும் கிடைத்தது. வலிமையான இயந்திரம்தான். ஆனால் விலை ஆயிரக்கணக்கான டாலர். பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் பொருள் அல்ல.

பார்வையற்றவரின் கேள்வி

2022இல் டெபியன் அமைப்பில் ஒரு விவாதம் எழுந்தது. நிறுவும் வட்டில் எண் மூட்டைகளைச் சேர்க்கலாமா கூடாதா என்பதே கேள்வி. சேர்க்க வேண்டும் என்றவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் மெக்கின்டயர். அவர் தரப்பு எடுத்துவைத்த காரணங்களில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. பார்வையற்றவர்கள் திரையில் வருவதைக் குரலாகக் கேட்டுத்தான் இயங்குதளத்தை நிறுவுகிறார்கள். புதிய மடிக்கணினிகளில் ஒலி வருவதற்கே ஃபெர்ம்வேர் வேண்டும். அது வட்டில் இல்லாவிட்டால் கணினி ஊமை. அவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். அவருடைய சுதந்திரத்திற்கு யார் பொறுப்பு?

அக்டோபரில் வாக்கெடுப்பு முடிந்தது. சேர்க்கலாம் என்ற தரப்பு வென்றது. 1997இலிருந்து டெபியன் தனக்கு விதித்துக்கொண்டிருந்த சமூக ஒப்பந்தத்தையே அதற்காகத் திருத்தினார்கள். 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பு அப்படித்தான் வெளியானது. கணினியை எழுப்பும் முதல் நிரலைக் கட்டற்றதாகக் கொடுத்துவந்த ‘லிப்ரேபூட்’ திட்டமும் 2022இல், மூட்டைகளை அறவே ஒதுக்குவதைவிட இயன்றவரை குறைப்பது என்ற கொள்கைக்கு மாறியது. அதை ஏற்காதவர்கள் பிரிந்து ‘குனு பூட்’ என்று தொடங்கினார்கள். டிரிஸ்குவெல்காரர்கள் தங்கள் இடத்திலேயே நிற்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பார்வையற்றவருக்கு டெபியன் சொன்ன பதில் சரி. ஆனால் டிரிஸ்குவெல் போன்றவர்கள் பிடிவாதமாக ஒரு கோட்டைப் போட்டு வைத்திருப்பதால்தான், எந்தச் சாதனத்தில் பூட்டு இருக்கிறது என்ற பட்டியலே நமக்குக் கிடைக்கிறது. அவர்களின் பிடிவாதத்துக்குப் பலனும் உண்டு. 2013இல் குவால்காம் ஏதெராஸ் நிறுவனம், தன் யுஎஸ்பி வை-ஃபை சில்லு ஒன்றின் ஃபெர்ம்வேர் மூல நிரலை வெளியிட்டது. கட்டற்ற வன்பொருள் கேட்டு நச்சரித்த வாடிக்கையாளர்களும் அவர்களுக்கு விற்ற ஒரு சிறு கடையும் அதற்குக் காரணம்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவாக நின்றன. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நன்றாக ஓடும் கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் டிரிஸ்குவெலை நிறுவிப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் திரை வரும், விசைப்பலகை வேலை செய்யும், தமிழிலும் தட்டச்சு செய்யலாம். வை-ஃபை மட்டும் பெரும்பாலும் வராது. கம்பி வழி இணைப்பு போதாதென்றால் ஏஆர்9271 என்ற சில்லு உள்ள சிறிய யுஎஸ்பி துண்டைக் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன 2013ஆம் ஆண்டுச் சில்லு அதுதான். இன்றைய அளவுக்கு வேகம் குறைவு, ஆனால் செருகியதும் ஓடும். கடைக்காரருக்கு அந்த எண் தெரியாமல் இருக்கலாம். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.