பட்டியலைக் காட்டுங்கள்! - 2006 வலைப்பதிவுத் தடையும் அதற்குப் பிறகும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரே ஒரு கமிஷன் கடையில் ஏதோ தப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகாரிகள் அந்தக் கடைக்கு சீல் வைக்காமல், மார்க்கெட்டின் மெயின் கேட்டையே இழுத்துப் பூட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? கேரளா போகவேண்டிய லாரிகள் ரோட்டில் நிற்கும். தக்காளிப் பெட்டியோடு வந்த விவசாயி வெயிலில் நிற்பார். இதில், எந்தக் கடைக்காகப் பூட்டினோம் என்பதையும் யாருக்கும் சொல்லாமல் விட்டால்?

2006 ஜூலையில் இந்திய இணையத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

அந்த மாதம் 11ஆம் தேதி மாலை, மும்பை புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்தன. சுமார் 200 பேர் இறந்துபோனார்கள். நாடே அதிர்ந்துபோயிருந்த நேரம். இரண்டு நாள் கழித்து, 13ஆம் தேதி, மத்திய தொலைத்தொடர்புத் துறை இணைய சேவை நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சில இணையப் பக்கங்களை முடக்கச் சொல்லும் கடிதம். அதில் இருந்தவை இருபதுக்கும் குறைவான முகவரிகள்தான். ஆனால் பல நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் என்று மொத்த தளங்களையே அடைத்துவிட்டன!

அப்போது தமிழ்மணம் திரட்டியில் வந்துகொண்டிருந்த பதிவுகளில் பெரும்பகுதி பிளாக்ஸ்பாட்டில் எழுதப்பட்டவை. சமையல் குறிப்பு, சினிமா விமர்சனம், கவிதை என்று எல்லாம் ஒரே பூட்டுக்குள் போயின. எழுதியவர்களுக்கே தங்கள் பதிவு திறக்கவில்லை. (எழுதுவதற்கான பக்கம் மட்டும் திறந்தது. அதாவது எழுதலாம், படிக்க முடியாது!) முதலில் பலர் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் நேரான பதில் இல்லை.

இதில் கொடுமை ஒன்று உண்டு. குண்டுவெடிப்பில் சிக்கியவர்களைத் தேடி அலைந்த உறவினர்களுக்காக 'மும்பை ஹெல்ப்' என்ற வலைப்பதிவை சில தன்னார்வலர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதுவும் பிளாக்ஸ்பாட்டில்தான் இருந்தது. குண்டு வைத்தவனைக் காரணம் காட்டி வந்த தடை, குண்டில் அடிபட்டவர்களுக்கு உதவிய பக்கத்தையும் சேர்த்தே மூடியது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்தன? காமர்ஸ் கண்ணால் பார்த்தால் விடை எளிது. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து அடைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அதற்குச் செலவு உண்டு. அரசாங்க உத்தரவை சரியாகச் செய்யாவிட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து. தேவைக்கு மேல் அடைத்துவிட்டாலோ, அன்றைக்கு யாரும் அபராதம் போடப் போவதில்லை. நஷ்டம் முழுக்க வாடிக்கையாளன் தலையில்.

பதிவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு மடற்குழு தொடங்கினார்கள். எந்த நிறுவனம் எதை அடைத்திருக்கிறது என்று ஆளாளுக்குச் சோதித்துப் பார்த்து ஒரே இடத்தில் எழுதி வைத்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை (2005 அக்டோபரில்தான் வந்தது). பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்தச் சட்டத்தின் கீழ் மனு போட்டுக் கேட்டார்கள். எந்தெந்தத் தளங்கள்? யார் உத்தரவு? என்ன காரணம்?

தடையைத் தாண்டிப் படிக்க உதவியது எது என்பது இன்னும் சுவாரசியம். அதே 2006இன் தொடக்கத்தில், டென்மார்க் கார்ட்டூன் பிரச்சினையின்போது பாகிஸ்தானும் பிளாக்ஸ்பாட்டை மொத்தமாக அடைத்திருந்தது. அங்கே உள்ளவர்கள் படிப்பதற்காக 'பிகேபிளாக்ஸ்' என்ற மாற்றுவழித் தளம் உருவாகியிருந்தது. ஜூலையில் இந்தியர்கள் அந்த வழியாகத்தான் இந்தியப் பதிவுகளைப் படித்தார்கள். எல்லை தாண்டிய பயங்கரவாதம் என்று பேப்பர் முழுக்க எழுதிய வாரத்தில், நம் ஊர்ப் பதிவைப் படிக்க பாகிஸ்தான்காரர்களுக்கான வாசல் தேவைப்பட்டது!

ஒரு வாரத்துக்குள் தொலைத்தொடர்புத் துறை இறங்கிவந்தது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் அடைக்கச் சொன்னோம், மற்றவற்றைத் திறந்துவிடுங்கள் என்று நிறுவனங்களுக்கு எழுதியது. பட்டியலும் வெளியே கசிந்தது. பார்த்தால், மத வெறுப்பைக் கக்கிய சில பக்கங்களோடு அமெரிக்கர்கள் எழுதிய சில அரசியல் பதிவுகளும் இருந்தன. அந்த வெறுப்புப் பக்கங்களை மூடியது சரிதான் என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனால் எதை மூடுகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. "எல்லாவற்றையும் அனுமதி" என்பதைவிட இது சிறிய கோரிக்கைதான். ஆனால் அரசாங்கங்களுக்கு இதுதான் அதிகம் கசந்திருக்கிறது.

இதில் புதிதாக நடந்தது எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று வருடத்துக்கு முன், 2003 செப்டம்பரில், மேகாலயாவின் ஓர் ஆயுதக் குழுவுக்குச் சொந்தமான 'கின்ஹுன்' என்ற சிறிய யாஹூ குழுமத்தை மூடச் சொல்லப் போய், நாடு முழுக்க யாஹூ குழுமங்கள் மொத்தமும் முடங்கின. அதே தப்பு, அதே காரணம்.

2012இல் மறுபடியும். இந்த முறை நீதிமன்றம் வழியாக. தனுஷ் நடித்த '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்துக்கொண்டு, விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே சில நிறுவனங்கள் அடைத்தன. அந்த ஜூன் 9ஆம் தேதி மும்பை, டெல்லி, பெங்களூர் போன்ற நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவுக்கு வந்தார்கள். பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இணையத் தணிக்கைக்காக இந்தியாவில் தெருவில் இறங்கியதே அப்போது புதுசு. ஜூன் 22ஆம் தேதி நீதிமன்றம், முழுத் தளம் இல்லை, குறிப்பிட்ட பக்கம் மட்டும்தான் என்று தெளிவுபடுத்தியது.

அடுத்த திருப்பம் 66ஏ பிரிவு. ட்விட்டரில் அப்போதைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி எழுதியதற்காக, 2012 அக்டோபரில் புதுச்சேரி வியாபாரி ஒருவர் கைதானார். அந்த நவம்பரில் ஸ்ரேயா சிங்கால் என்ற 21 வயதுப் பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தளங்களை முடக்க அதிகாரம் தரும் 69ஏ பிரிவை அதே தீர்ப்பு அப்படியே ஏற்றுக்கொண்டது. முடக்கக் கேட்டு வரும் புகார்களும் எடுத்த நடவடிக்கைகளும் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் 2009ஆம் ஆண்டு விதியும் தப்பித்துக்கொண்டது. பத்து ரூபாய் மனுவில் கேட்ட கேள்விகளுக்கு எதிரே நிற்பது அந்த விதிதான்.

தளத்தை விட்டு இணைப்பையே துண்டிக்கும் காலமும் வந்தது. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. மற்ற இரண்டு மாவட்டங்களில் எதற்கு என்ற கேள்வி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் எழுந்தது. தூத்துக்குடிக்கு முன்பே அங்கே இணைப்பு திரும்பியது.

2020 ஜனவரி 10ஆம் தேதி, காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை அரசு வெளியிட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, ஒரு மாவட்டத்துக்கே இணையத்தை நிறுத்தினால் அந்த உத்தரவைக் கேட்டு வாங்கலாம். ஒரே ஒரு பக்கத்தை முடக்கினால், 2009ஆம் ஆண்டு ரகசிய விதி குறுக்கே வந்து நிற்கும்.