பட்டறையை வகுப்பறை ஆக்கியவர்

இஞ்சினியரிங் படிச்ச மக்களுக்கு முதல் வருஷ ஒர்க்‌ஷாப் மறந்திருக்காது. இரும்புத் துண்டை அரத்தால மணிக்கணக்கா ராவி, 'வி' வடிவத்துல பொருத்தணும். மரத்துல ஒரு ஜாயிண்ட் போடணும். மார்க் வாங்கினதோட சரி, அந்தத் துண்டு எதுக்கும் உதவாது. "இதை எவன்யா கண்டுபிடிச்சான்?"னு திட்டினவங்களுக்காக இந்தப் பதிவு :-)

இந்த முறையை ஆரம்பிச்சவர்னு வரலாறு சொல்ற ஆள், விக்டர் டெல்லா-வோஸ். மாஸ்கோவில் இருந்த இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர். அதுவரைக்கும் தொழில் பழகணும்னா ஒரு கைவினைஞர்கிட்ட வருஷக்கணக்கா எடுபிடியா இருக்கணும். பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும். 1868 வாக்கில் டெல்லா-வோஸ் இதை மாத்தினார். ஒவ்வொரு தொழிலையும் சின்னச் சின்னப் பயிற்சிகளா உடைச்சு, சுலபமானதில் தொடங்கி கஷ்டமானது வரைக்கும் வரிசைப்படுத்தினார். பொருள் செய்யற பட்டறை வேற, கத்துக்கிற பட்டறை வேற. ஒவ்வொரு மாணவனுக்கும் தனி இடம், தனிக் கருவிகள். ஒரே வாத்தியார் ஒரு வகுப்புக்கே சொல்லித்தரலாம். நாம பெரிய ப்ரோகிராமை ஃபங்ஷன்களா பிரிக்கிறோமே, அதே கதைதான்.

1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தப் பயிற்சித் துண்டுகளை வெச்சாங்க. எம்.ஐ.டி. தலைவர் ஜான் ரங்கிள் பார்த்து அசந்துபோய், தன் கல்லூரியிலும் கொண்டுவந்தார். செயின்ட் லூயிஸில் கால்வின் வுட்வர்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 1880-ல் பதினாலு வயசுப் பசங்களுக்கே பள்ளி திறந்தார். கணக்கு, அறிவியலோட தச்சும் கொல்லுப்பட்டறையும். தச்சனை உருவாக்குறது நோக்கமில்லை. எந்த வேலைக்குப் போறவனுக்கும் கைப்பழக்கம் கல்வியில் ஒரு பாகம்ங்கிறது அவர் கட்சி.

ஆனா 1917-ல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்குனு தனியா பணம் ஒதுக்கியது. பாதை ரெண்டாச்சு: படிக்கிற பசங்க ஒரு பக்கம், பட்டறைக்குப் போற பசங்க மறுபக்கம். ஜான் டூயி முன்னாடியே எதிர்த்த பிரிவினை இது.

நம்மூர்ல 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துத் தொடக்கப்பள்ளி நேரத்தை ஒரு நாளைக்கு 3 மணி நேரமா குறைச்சு, மீதி நேரத்தில் அப்பா தொழிலைக் கத்துக்கச் சொன்னது. 'குலக்கல்வி'னு எதிர்ப்பு வெடிச்சுது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் கைவிட்டாங்க.

ரெண்டு இடத்திலும் பிள்ளை கையில் உளிதான். ஆனா டெல்லா-வோஸ் முறையில் கருவியைப் பழக அப்பன் அந்தத் தொழில் செஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. இங்கே எந்தக் கருவிங்கிறதைப் பிறப்பே முடிவு பண்ணிடுது.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் வேணும்ங்குது. நல்லதுதான். கலெக்டர் பிள்ளையும் அதே அரத்தைப் பிடிக்குமாங்கிறதுதான் கேள்வி. நீங்க என்ன நினைக்கிறீங்க?