கும்பகோணம் பகுதியில் அன்றாட மிதிவண்டிப் பயணம்

கும்பகோணம் பகுதியில் மிதிவண்டி (பேச்சு வழக்கில் சைக்கிள், இலங்கையில் துவிச்சக்கரவண்டி என்றும் வழங்கும்) பள்ளி, வேலை, கடைத்தெரு, வயல் முதலிய இடங்களுக்குச் சென்றுவரப் பயன்படும் மலிவான ஊர்தி ஆகும். இக்கட்டுரை பந்தயத்தையோ நெடுந்தூரப் பயணத்தையோ பற்றியது அன்று. நாள்தோறும் சில கிலோமீட்டர் ஓட்டுவோருக்குத் தேவையான வண்டி அமைப்பு, பராமரிப்பு, பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றை இது விளக்குகிறது.

நில அமைப்பு

கும்பகோணம் நகரம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடையே அமைந்துள்ளது. காவிரிப் படுகை கிழக்கு நோக்கி மிக மெதுவாகத் தாழும் சமவெளி ஆகும். ஆற்றுப் பாலங்களையும் இரயில்வே மேம்பாலங்களையும் விட்டால் ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. எனவே பல்லிணை மாற்றும் வசதி (கியர்) இங்குக் கட்டாயத் தேவை அன்று. தாராசுரம் சுமார் 4 கி.மீ., திருநாகேசுவரம் சுமார் 6 கி.மீ., சுவாமிமலையும் திருபுவனமும் சுமார் 8 கி.மீ. தொலைவில் உள்ளன. இவை அனைத்தும் சாதாரண வண்டியில் எளிதில் எட்டக்கூடிய தொலைவுகளே.

இப்பகுதியில் மேட்டின் வேலையைக் காற்றே செய்கிறது எனலாம். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து மாலையில் சுவாமிமலை நோக்கிச் செல்பவருக்கு இது நன்கு புலப்படும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், எதிர்காற்றில் வேகத்தைச் சற்றே குறைத்தாலும் களைப்பு பெருமளவு குறையும்.

வரலாற்றுக் குறிப்பு

1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னை அம்பத்தூரில் ஆலை அமைத்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகியவை இதன் புகழ்பெற்ற வணிகப் பெயர்கள். முற்காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் மிதிவண்டிக்கு ஆண்டு வரி பெற்று உலோக வில்லை வழங்கின.

தஞ்சாவூரை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், பல்லாயிரக்கணக்கான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். இதழாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் பலர் ஆண்களுக்கான வண்டிகளை ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பேருந்துக்காகக் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்கவும் விளைபொருள் விற்கவும் சென்றுவர முடிந்ததே இதில் முதன்மையான மாற்றம் ஆகும்.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பட்டுப் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்குப் பொதுவாக்கப்பட்டது.

வண்டியும் இருக்கையும்

கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், செயின் கவர், கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்ட் ஆகியன கொண்ட பழைய வகை வண்டி ஏறத்தாழ 20 கிலோ எடை உடையது. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உடைய வண்டி, மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 16 கி.மீ. வேகம் கிடைக்கும். சமவெளியில் பால் கேனோ வாழை இலைக்கட்டோ ஏற்றிச் செல்ல இது போதுமானது.

உயரமான வண்டியில் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் ‘குரங்குப் பெடல்’ போட்டுக் கற்றவர்கள் பலர். ஆனால் நாள்தோறும் ஓட்டுவதற்கு வண்டி உடலுக்குப் பொருந்த வேண்டும். விலையில்லா வண்டிகள் பெரும்பாலும் ஒரே அளவில் வருகின்றன. ஆகையால் இருக்கையின் உயரத்தைத் திருத்திக்கொள்வதே மாணவர் செய்ய வேண்டிய முதல் வேலை. இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டை கடைசிக்குக் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இரு பாதங்களும் தரையில் முழுதாக ஊன்றும்படி இருக்கையைத் தாழ்த்தி வைப்பது புதிதாகக் கற்பவருக்கு மட்டுமே ஏற்றது. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் முழங்காலின் முன்பகுதியில் வலி தோன்றக்கூடும். அந்த வலியைக் கொண்டு ‘சைக்கிள் உடம்புக்கு ஆகாது’ என்று முடிவு கட்டுவோரும் உள்ளனர்.

காற்றும் டியூபும்

காற்றுக் குறைந்த டயர் மிதிப்பவரைக் களைப்பாக்கும். பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிக் கிழியும். பெருவிரலால் அழுத்தும்போது டயர் எளிதில் அமுங்கினால் காற்று அடிக்க வேண்டும்.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் காற்றின்றி இருந்தால் உடனே பஞ்சர் என்று கொள்ள வேண்டியதில்லை. பழைய வகை வால்வில் உள்ள சிறு இரப்பர்க் குழல் (வால்வ் டியூப்) வெயிலில் இற்றுப்போவது மிகப் பொதுவானது. வால்வின் வாயில் ஒரு துளி நீர் வைத்துப் பார்த்தால் குமிழி எழும். குழலை மாற்றுவது ஒரு நிமிட வேலை. பைக்குள் இரண்டு குழல்கள் வைத்திருப்பது நல்லது.

பிரேக்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வறண்ட நிலையைவிடப் பலமடங்கு தொலைவு தேவைப்படும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வறண்ட தார்ச்சாலையில் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. மணல், சேறு, சிதறிய நெல் ஆகியவற்றின் மீது முன் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் சறுக்கும். அங்கு வேகத்தை முன்பே குறைத்து, பின் பிரேக்கையே பயன்படுத்த வேண்டும். ரிம் கோணியிருந்தால் பிரேக் கட்டை ஒரே சீராகப் பிடிக்காது. அதனைக் கடையில் கோட்டம் எடுத்துக்கொள்வது செலவு குறைந்த பணி.

சாலையில் பாதுகாப்பு

நெல் விளையும் பகுதிக்கே உரிய இடர்கள் சில உள்ளன. அறுவடைக் காலங்களில் சாலையின் ஒரு பாதியில் நெல்லும் வைக்கோலும் காயப் போடப்படும். மிதிவண்டி ஓட்டுநர் அதனால் சாலையின் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகிறார். குவியலை அடைவதற்குப் பல மீட்டர் முன்பே பின்னால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெதுவாக விலக வேண்டும். கடைசி நொடியில் திடீரெனத் திரும்புவதே பேரிடர். குவியலை எல்லைப்படுத்த வைக்கப்படும் கற்கள் இரவில் தெரிவதில்லை. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறும் இடங்களில் சேற்றுக் கட்டிகள் கிடக்கும்.

தஞ்சாவூர்ச் சாலை, மயிலாடுதுறைச் சாலை போன்றவற்றில் பேருந்துக்கும் சாலை ஓரத்துக்கும் இடையே நுழைதல் கூடாது. பேருந்து எந்த இடத்திலும் இடப்புறம் ஒதுங்கி நிற்கக்கூடும். நெரிசலான சந்திப்பில் வலப்புறம் திரும்ப வேண்டுமானால், இடப்புறம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பது மேல். குறுகிய பழைய பாலங்களில் எதிரே கனரக வண்டி வந்தால் அது கடக்கும்வரை பாலத்துக்கு முன்பே காத்திருக்கலாம்.

பின்னிருந்து வரும் வாகன ஓட்டுநருக்குத் தெரியாமல் இருப்பதே இரவுப் பயணத்தின் மிகப்பெரிய ஆபத்து. டயரில் உரசிச் சுழலும் டைனமோ விளக்கு வண்டி நின்றவுடன் அணைந்துவிடும். எனவே மின்கலத்தில் எரியும் சிவப்பு எல்.இ.டி. விளக்கைப் பின்னால் பொருத்துவது சிறந்தது. அதற்கு வழியில்லாதோர் பின் மட்கார்டிலும் மிதிகட்டைகளிலும் ஒளி எதிரொளிக்கும் பட்டையை ஒட்டலாம். மிதிகட்டையில் ஒட்டிய பட்டை மேலும் கீழும் அசைவதால் தொலைவிலிருந்தே மிதிவண்டி என்று அடையாளம் தெரியும். மாலைத் தனிவகுப்பு முடிந்து வயல்வெளிச் சாலையில் திரும்பும் மாணவருக்கு, வண்டியில் பொருத்தும் எந்த அலங்காரத்தையும்விட இதுவே முதன்மையானது.

இந்தியாவில் மிதிவண்டி ஓட்டுநருக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆயினும் விழும்போது தலைக்காயத்தின் கடுமையை அது குறைக்கும். நெற்றியை மறைத்து, தாடைப்பட்டை இறுக்கமாக இருந்தால்தான் பயன் உண்டு.

பின் கேரியரில் அமரும் குழந்தையின் பாதம் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்குவது எலும்பு முறிவு வரை செல்லக்கூடிய விபத்து. பாதம் வைக்கும் கட்டையும் சக்கரத்தின் பக்கவாட்டில் வலையும் இன்றிச் சிறுவரைப் பின்னால் ஏற்றக்கூடாது. துப்பட்டா, சேலை முந்தானை, வேட்டி நுனி ஆகியவற்றை முடிந்துகொள்வதும் இதே காரணத்தால்தான்.

உடல்நலம்

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் வளர்ந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடத்தையும் பரிந்துரைக்கிறது. தாராசுரத்திலிருந்து கும்பகோணத்துக்கு மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் வந்து திரும்புபவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 நிமிடம் மிதிக்கிறார். ஐந்து நாளில் இது 170 நிமிடத்தைத் தாண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடந்து 2000இல் வெளியான ஆய்வொன்றில், மிதிவண்டியில் வேலைக்குச் செல்லாதோரின் இறப்பு வீதம் செல்வோரைவிட 39 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பிற உடற்பயிற்சியைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது. வெப்பமும் போக்குவரத்தும் வேறுபட்ட தஞ்சைப் பகுதிக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த இயலாது.

சித்திரை, வைகாசி நண்பகலில் ஓட்டுவதைத் தவிர்த்தல் நலம். இயலாதோர் புறப்படும் முன்பே நீர் அருந்த வேண்டும். தலைச்சுற்றல் தோன்றினால் உடனே இறங்கி நிழலில் அமர வேண்டும்.

வெள்ளக் காலம்

கனமழையில் வாய்க்கால் நீர் சாலையை மூடிவிட்டால் கரையும் சாலையும் ஒன்றாகத் தோன்றும். பழகிய வழி என்ற நம்பிக்கையில் அதனுள் ஓட்டிச் செல்லக்கூடாது. அச்சுவரை நீரில் மூழ்கிய வண்டியின் சக்கர அச்சையும் மிதிகட்டை அச்சையும் பிரித்து, குண்டுகளைத் துடைத்து, புதிய கிரீஸ் வைக்க வேண்டும். செயினை உலர்த்தி எண்ணெய் விட்டு, மேற்புறத்தில் மிகுந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.