கூடுதுறை வரைக்கும் ஒரு பயணம்

பவானி சங்கமேஸ்வரர் கோயில் படித்துறையில், அதாவது கூடுதுறையில், நின்று பார்ப்பவர்களுக்குக் காவிரிதான் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் வந்து கலக்கும் பவானி ஆறு சின்னதாகத் தெரிந்தால், அது வந்த வழியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீலகிரியின் குந்தா மலைப்பக்கம் பிறக்கும் இந்த ஆறு முதலில் கேரளத்துக்குள் இறங்குகிறது. அட்டப்பாடியில், முக்காலி அருகே சட்டென்று வடகிழக்கே திரும்பிவிடுகிறது. அந்த ஒரு திருப்பம்தான் கொங்கு நாட்டின் பாக்கியம். திரும்பிய பிறகு சிறுவாணி வந்து சேர்கிறது. பில்லூர் அணையில் கோயம்புத்தூருக்குக் குடிதண்ணீர் கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையத்தைத் தாண்டுகிறது; 1955இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையில் மோயாறும் வந்து கூடுகிறது. ஆக, கூடுதுறைக்கு வருமுன்னே பவானி பல ஆறுகள் கூடிய ஆறு.

அணைக்குக் கீழே கதை மாறுகிறது. இனி பிரிவதுதான் அதிகம். கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கொடிவேரியில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிந்து கோபி வயல்களுக்குப் பாய்கின்றன.

கடைசிப் பிரிவு கூடுதுறைக்குக் கொஞ்சம் முன்னால். 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற தலைவன் அங்கே அணை கட்டி வெட்டிய வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. சுமார் 90 கிலோமீட்டர் நீளம். நேர்கோட்டில் ஏறக்குறைய பாதி தூரம்தான். வளைத்து வளைத்து வெட்டியதால் வாட்டம் குறைந்து, தண்ணீர் நிதானமாகப் போய் கூடுதல் நிலத்தை நனைக்கிறது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டினான் என்கிறது ஊர்க்கதை. தன் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடக் கூடாதென்று ஊரைவிட்டே போனான் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய மனசோடு வெட்டிய வாய்க்காலில் ஈரோட்டுச் சாய, தோல் கழிவு கலந்ததும், அந்தக் கழிவுக்கென்றே பக்கத்தில் தனியாக ஒரு வாய்க்கால் வெட்ட நேர்ந்ததும் நெஞ்சு பொறுக்காத சங்கதி.

இத்தனை பேருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதுதான் படித்துறைக்கு வருகிறது. மேட்டூரிலிருந்து இறங்கும் காவிரி ஒரு பக்கம், பவானி ஒரு பக்கம். மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத அமுத நதி என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசையன்று ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். பிண்டத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்து, மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறுவார்கள். ஆடிப்பெருக்கன்று அதே படியில் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள், முளைப்பாரி மிதக்கும். துக்கத்துக்கும் சுபத்துக்கும் ஒரே துறை.

இதற்கப்புறம் பவானி என்ற பேர் இல்லை. கொடுமுடிக்குப் போவது காவிரி. கூடுதுறைக்கு வராமல் காலிங்கராயன் வாய்க்காலில் திரும்பிய தண்ணீரும், வயல்களுக்குப் பாய்ந்தது போக, கடைசியில் நொய்யலில் விழுகிறது. நொய்யல் போய்ச் சேருவதும் காவிரியில்தான்.