மூளைக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் வருவது மொத்தமே 6 பேர். அதிலும் சிலரை அவர் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி! கை நடுக்கம், குனிந்த நடை இவற்றைக் கண்ணால் கவனித்தே ஒரு நோயை அடையாளம் காட்டிவிட்டார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான்.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? அது தெரிய நோயாளி சாக வேண்டியிருந்தது. 1960-ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் கண்டுபிடித்ததும் அப்படித்தான். இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது டோபமைன் என்ற ரசாயனம் மிகவும் குறைந்திருந்தது.

உயிரோடிருப்பவரின் மூளையில் இதைப் படம் பிடித்துக் காட்டியவர்கள் கனடாவின் ஹாமில்டன் நகரில் இருந்த கார்னெட் குழுவினர். வருடம் 1983. டோபமைன் தயாரிக்க மூளை பயன்படுத்தும் டோபாவில் கதிரியக்க ஃப்ளோரினை ஒட்டி ஊசி மூலம் ஏற்றினார்கள். உயிருள்ள நரம்பு முனைகள் அதை வாங்கிச் சேமிக்கும். அந்த இடம் பெட் ஸ்கேனில் ஒளிரும். நரம்பு செத்த இடம் மங்கலாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இதை வைத்துப் பெரிய வேலை செய்தவர் வான்கூவரில் இருந்த டொனால்ட் கால்ன். அங்கே ஒரு வேடிக்கை. கதிரியக்கப் பொருள் தயாராகும் இடம் ஒன்று, ஸ்கேன் செய்யும் மருத்துவமனை வேறிடம். கதிரியக்க கார்பனோ 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். வண்டியில் கொண்டு போனால் கட்டுப்படியாகுமா? பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு, காற்றழுத்தத்தில் அனுப்பினார்கள்!

இதற்கிடையில் 1982-ல் கலிஃபோர்னியாவில் சிலர் திடீரென்று சிலை மாதிரி உறைந்து போனார்கள். எல்லோரும் போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள். போலி ஹெராயினில் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு கலந்திருந்ததை நரம்பியல் மருத்துவர் லாங்ஸ்டன் கண்டுபிடித்தார். அது டோபமைன் செல்களைத் தேடிப்போய்க் கொன்றிருந்தது. அதே நஞ்சு உடம்பில் ஏறியும் பார்க்கின்சன் நோய் வராமல் நடமாடியவர்களும் உண்டு. 1985-ல் கால்ன் குழு அப்படிச் சிலரை ஸ்கேன் செய்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, படத்திலோ டோபமைன் குறைந்திருந்தது. நடுக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே சேதம் ஆரம்பித்துவிடும் என்பதற்கு உயிருள்ள சாட்சி!

'சரி, இனி படத்தைப் பார்த்தே வைத்தியம் பண்ணலாம்' என்றுதானே தோன்றும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2001-ல் வந்த இரண்டு ஆய்வுகள் அதைக் குழப்பிவிட்டன.

முதலாவது வான்கூவரில், ஸ்டோசல், கால்ன் குழுவினருடையது. 6 நோயாளிகளுக்கு ஒருமுறை மருந்து, ஒருமுறை வெறும் உப்புநீர். எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. உப்புநீர் ஏறியபோதும் மூளையில் டோபமைன் சுரந்தது. அதுவும் மருந்துக்கு இணையான அளவில். 'எல்லாம் மனப்பிரமை' என்று நாம் சுலபமாகச் சொல்கிறோமே, அந்தப் பிரமைக்கும் மூளையில் தடயம் இருந்தது.

இரண்டாவது அமெரிக்காவில், டென்வரில் செய்த அறுவை. 40 நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கருவிலிருந்து எடுத்த செல்களை மூளையில் நட்டார்கள். மீதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டார்கள். (கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. நோயாளிகள் சம்மதித்துத்தான் செய்தார்கள்.) நியூயார்க்கில் டேவிட் ஐடல்பெர்க் குழு எடுத்த ஸ்கேனில், செல் நட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அவை வளர்ந்து வேலை செய்வது தெரிந்தது. படம் பிரமாதம்! ஆனால் 'உடம்பு எவ்வளவு தேவலை?' என்று நோயாளிகளையே கேட்டபோது இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இளையவர்களுக்கு அசைவில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. சிலருக்கோ பின்னால் கட்டுப்படாத அசைவுகள் வந்து புதுத் தொல்லையானது.

2004-ல் இதே நோயாளிகள் சிலரைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. தனக்கு எந்த அறுவை நடந்தது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்ததை அதில் கணக்கில் எடுத்திருந்தார்கள். செல் நட்டார்களோ இல்லையோ, நட்டதாக நம்பியவர்கள் ஒரு வருடம் கழித்து நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.